பாட்டு வருகிறது, பாடுகிறவரைக் காணோம்: ஒரு பழைய ஸ்பீக்கர் செட்டைச் சரிசெய்த கதை

அலமாரி மேல் இரண்டு வருஷமாகத் தூசி படிந்து கிடந்த 2.1 ஸ்பீக்கர் செட்டை (இரண்டு சின்ன ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர் பெட்டி) இறக்கி டெஸ்க்டாப்பில் மாட்டினேன். முதலில் சத்தமே வரவில்லை. அதைச் சரிசெய்ததும் சத்தம் வந்தது, ஆனால் வந்தது பாதிப் பாட்டுதான். அதையும் நான் கவனிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள்தான் கவனித்தாள். "மாமா, மியூசிக் எல்லாம் கேக்குது, பாடுறவங்க எங்க போயிட்டாங்க?" என்றாள். கேட்டுப் பார்த்தால் உண்மைதான். வயலின் இருக்கிறது, பின்னால் கோரஸ் இருக்கிறது, பாடுகிறவர் மட்டும் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் எதிரொலியாக லேசாகக் கேட்கிறார். இதற்கெல்லாம் அடியில் 'ஊம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வேறு.

சத்தமே வராத கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்தேன். அந்தக் கேபிள் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும் என்பதால், விண்டோஸ் தானாகவே மானிட்டருக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. என் மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. சவுண்ட் செட்டிங்ஸில் போய் பாட்டு ஓடும்போது எந்தச் சாதனத்தின் பக்கத்தில் பட்டை ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் ஒலி எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். சாதனத்தை மாற்றினேன், முடிந்தது. பின்பக்கம் மூன்று ஜாக் இருந்தால் ஸ்பீக்கருக்கு உரியது இளம்பச்சை, மைக்குக்கு ரோஸ், வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு நீலம். மேசைக்கு அடியில் தலையை விட்டு இருட்டில் சொருகும்போது ரோஸில் சொருகிவிட்டு அரைமணி நேரம் தேடியவன் நான் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போகிறது என்றால் அது கண்டிப்பாக மென்பொருள் செய்கிற வேலை என்று முடிவுகட்டிவிட்டேன். காரணம் இல்லாமல் இல்லை, சில பழைய ஆடியோ டிரைவர்களில் கரோக்கிக்காகக் குரலை அழிக்கும் ஒரு வசதி உண்டு, அது எங்கேயோ தெரியாமல் ஆன் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். ஒலி மேம்படுத்தும் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்தேன். சுற்றொலியை அணைத்தேன். டிவைஸ் மேனேஜரில் போய் டிரைவரையே நீக்கிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன், விண்டோஸ் தன்னிடம் இருக்கும் பொது டிரைவரைப் போட்டுக்கொண்டது. அப்போதும் பாடுகிறவர் கிணற்றுக்குள்தான். ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது.

ராத்திரிதான் புத்தி வந்தது. ஸ்பீக்கர் கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி, ஹெட்ஃபோன் ஜாக் இருக்கிற ஒரு பழைய போனில் சொருகினேன். அதே பாட்டு, அதே கிணறு, அதே ரீங்காரம். அப்புறம் அதே கம்ப்யூட்டர் ஜாக்கில் ஒரு இயர்போனைச் சொருகினேன். பாடுகிறவர் நடுமண்டையில் நின்று ஜம்மென்று பாடுகிறார். ஆக கம்ப்யூட்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்த இரண்டு சோதனைக்கும் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாலை முழுக்கச் செய்த வேலையெல்லாம் இதற்குப் பிறகு செய்திருக்க வேண்டியவை, சொல்லப்போனால் செய்யவே தேவைப்படாதவை. நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒன்றைக் கொண்டுவந்து சந்தேகப்படும் இடத்தில் மாட்டிப் பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுவது, இந்த இரண்டையும் இதற்கு முன் எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

சரி, குற்றவாளி கேபிளோ ஸ்பீக்கரோ. பின்னை ஜாக்கில் இருந்தபடியே விரலால் மெதுவாக அசைத்தேன். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்ததும் குரல் திடீரென்று வெளியே வந்து, கூடவே பேஸும் (தாழ்ந்த கனத்த ஒலி) வந்து, விட்டதும் மறுபடி உள்ளே போனது. அப்போதுதான் உறைத்தது, குரல் மட்டுமல்ல, பேஸும் இவ்வளவு நேரம் இல்லாமல்தான் இருந்திருக்கிறது. சப்வூஃபர் இருக்கிற செட்டில் பேஸ் வராததை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன், ஏழு வயசுப் பிள்ளை குரல் வராததைக் கவனித்திருக்கிறாள்.

ஏன் இப்படி ஆகிறது என்பது கொஞ்சம் ரசிக்கத்தக்க விஷயம். 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள், இரண்டு கறுப்பு வளையங்கள் அதை மூன்று துண்டாகப் பிரித்திருக்கும். நுனி இடது, நடு வளையம் வலது, கேபிள் பக்கம் இருக்கும் நீளமான பகுதி கிரவுண்ட். இடதும் வலதும் தனித்தனியாகப் போனாலும் திரும்பி வரும் வழி இரண்டுக்கும் பொது, அதுதான் கிரவுண்ட். அந்தப் பொதுவழி அறுந்துவிட்டால் மின்சாரம் இடதில் போய் வலது வழியாகத் திரும்பப் பார்க்கும். அப்போது ஸ்பீக்கருக்குக் கிடைப்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். பாட்டுகளைக் கலக்கும்போது பாடுகிறவர் குரலையும் பேஸையும் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரே அளவிலிருந்து ஒரே அளவைக் கழித்தால் பூஜ்யம். இடது பக்கம் தள்ளி வைத்த வயலினும், வலது பக்கம் தள்ளி வைத்த கோரஸும், குரலுக்குப் போட்ட எதிரொலியும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது, அதனால் அவை தப்பிவிடும். கரோக்கிக்காகக் குரலை அழிக்கும் மென்பொருள்களில் பல செய்வதும் இதே கழித்தலைத்தான். என் கேபிள் அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

ஆக, உங்கள் ஸ்பீக்கரிலோ ஹெட்ஃபோனிலோ குரல் மட்டும் காணாமல் போனால் டிரைவர் பக்கமே போகாதீர்கள். முதலில் பின் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள், பாதி சொருகினாலும் இதே வித்தை நடக்கும். ஜாக்குக்குள் தூசிப் பஞ்சு அடைத்திருந்து பின் கடைசி ஒரு மில்லிமீட்டர் போகாமல் நிற்பதும் உண்டு. மைக் சேர்ந்த நான்கு துண்டுப் பின்னை மூன்று துண்டு ஜாக்கில் சொருகும்போதும் சில ஜாக்குகளில் இது வரும், அரை மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் சரியாகிவிடும்.

மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்தேன், கம்பி அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும். கேபிளின் ஒரு முனையில் பின், இன்னொரு முனையிலும் பின். நுனிக்கு நுனி பீப். வளையத்துக்கு வளையம் பீப். கிரவுண்டுக்குக் கிரவுண்ட் மௌனம், கழுத்தை வளைத்தால் மட்டும் 'பீ...ப்' என்று விட்டுவிட்டு வந்தது. எந்த முனை என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது, கம்ப்யூட்டர் பக்கம் இருக்கிற முனை. மேசையைச் சுவரோடு தள்ளும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கழுத்துதான் அடி வாங்குகிறது.

வேறு கேபிள் மாற்றினால் ஐந்து நிமிஷ வேலை என்பது எனக்கும் தெரியும். கையில் திருகிக் கழற்றும் உலோகப் பின் ஒன்று சும்மா கிடந்தது, அதனால் வெட்டி ஒட்டலாம் என்று இறங்கினேன். பின்னிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டினேன், ஒடிந்த இடம் பின்னோடு போய்விட வேண்டும் என்பதால். உள்ளே சிவப்பு, வெள்ளை என்று இரண்டு வயர், சுற்றிலும் வெறும் செம்பு. சிவப்புதான் வலது என்று பழக்கத்தில் நினைத்தேன், மீட்டரில் பார்த்ததும் இந்தக் கேபிளில் அதுவே சரியாக இருந்தது. ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், இதற்கு முன் சிவப்பில் இடது வந்த கேபிளையும் பார்த்திருக்கிறேன்.

மெல்லிய இயர்போன் கேபிளாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. உள்ளே இருக்கும் இழைகள் செம்பு நிறத்திலும் பச்சையிலும் சிவப்பிலும் பளபளவென்று இருக்கும், அது வெறும் கம்பி இல்லை, மேலே எனாமல் பூச்சு. நடுவில் நூலும் ஓடும். அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு உருண்டு விழும். சால்டரிங் அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி வைத்து, அதற்குள் கம்பி முனையைச் சில விநாடி முக்கி வைத்தால் பூச்சு புகைந்து கழன்றுவிடும், அதன்பிறகு ஈயம் வழுக்கிக்கொண்டு ஏறும். பிளேடால் சுரண்டலாம்தான், பாதி இழை அறுந்துபோகும். இந்தத் தடவை என் கேபிளில் வெறும் செம்புதான், அந்தத் தொல்லை இல்லை.

மூன்றையும் ஈயம் வைத்து, குளிர்ந்தபின் இழுத்துப் பார்த்து, பீப் பார்த்து, எல்லாம் பிரமாதம் என்று மூடப்போனால், பின்னின் மூடி மேசைமேல் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. அதைக் கேபிளில் முதலிலேயே கோத்திருக்க வேண்டும். மூன்றையும் மறுபடி கழற்றி, மூடியைக் கோத்து, மறுபடி வைத்தேன். இது நான் செய்வது முதல் தடவையும் இல்லை.

குரல் வந்தது. பேஸ் வந்தது. அக்கா மகளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "அப்ப அந்தப் பாடாத பாட்டு இனிமே வராதா? அதுல நான் பாடலாம்னு இருந்தேனே" என்றாள். அதன்பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு பாட்டைத் திறந்து, இடது வலதைப் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் மோனோவாகக் கலந்து கொடுத்தேன். கேபிள் செய்த அதே வேலை, ரீங்காரம் மட்டும் இல்லாமல்.

செட்டில் ரீங்காரம் இன்னும் இருந்தது. கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை. இந்த இடத்தில் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வால்யூம் நாபைத் திருகினால் ரீங்காரம் கூடிக் குறைகிறதா, இல்லை அசையாமல் அப்படியே இருக்கிறதா? கூடிக் குறைந்தால் சத்தம் நாபுக்கு முன்னாலிருந்து வருகிறது, அதாவது கேபிள், கம்ப்யூட்டர், கிரவுண்ட், இவற்றில் ஒன்று. அசையாமல் இருந்தால் நாபுக்குப் பின்னாலிருந்து, அதாவது ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அல்லது பவர் சப்ளை. என் செட்டில் நாபைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும், கேபிளை மொத்தமாகப் பிடுங்கினாலும் அதே 'ஊம்ம்ம்'. அப்படியென்றால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

திறப்பதற்கு முன் ஒரு விஷயம். இந்த மாதிரி செட்டில் சப்வூஃபர் பெட்டிக்குள்தான் டிரான்ஸ்பார்மர் இருக்கும், சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேராக அதற்குள் போகிறது. பிளக்கைப் பிடுங்கி அது கண்ணெதிரே மேசைமேல் இருக்கும்படி வைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும், அவற்றின் கால்களுக்கிடையே ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பத்துப் பன்னிரண்டு விநாடி தொட்டு வைத்து, பிறகு மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் ஸ்க்ரூ டிரைவரால் 'டப்' என்று ஷார்ட் செய்வார்கள், பார்க்க வீரமாக இருக்கும், ஸ்க்ரூ டிரைவரின் நுனியும் போர்டின் தடமும் தீய்ந்துபோகும்.

பின்தட்டில் பத்து ஸ்க்ரூ. கழற்றியதும் சப்வூஃபர் வயரோடு சேர்ந்து தட்டு வெளியே வந்தது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் டிடிஏ2030 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசிகள் மூன்று வரிசையாக. டிரான்ஸ்பார்மர்மேல் 12-0-12 என்று எழுதியிருந்தது, அதாவது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு வோல்ட். பக்கத்தில் 2200 மைக்ரோபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு. அதில் ஒன்றின் தலை, பிளஸ் குறி மாதிரி கீறல் போட்டிருக்குமே அந்த இடம், சோற்றுப்பானை மூடிபோல் உப்பியிருந்தது. இன்னொன்று தட்டையாக நல்லபடியாக இருந்தது. உப்பியதைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு சந்தோஷம். கண்ணுக்குத் தெரிகிற பழுது கிடைப்பது அபூர்வம்.

ஆனாலும் உப்பியதைப் பார்த்துவிட்டு உடனே அயர்னைச் சூடாக்காமல் அளந்து பார்த்தேன், குரல் விஷயத்தில் பட்டது போதும் என்று. ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, டிரான்ஸ்பார்மரின் சுவர்ப்பக்க வயர் எங்கேயும் கை படாதபடி அட்டை வைத்து மூடிவிட்டு, பவர் கொடுத்து அளந்தேன். நல்ல பக்கம் 15.9 வோல்ட் டிசி. உப்பிய பக்கம் 14.2. மீட்டரை ஏசிக்கு மாற்றினால் நல்ல பக்கம் 0.1, உப்பிய பக்கம் 1.1. சீரான டிசி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட் ஏசி அலையடிக்கிறது, அதுதான் சப்வூஃபரில் 'ஊம்ம்ம்'. இங்கே ஒரு எச்சரிக்கை: சில எளிய மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்து எடுத்து உளறும். புரோப்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டினால் நம்பலாம்.

ரீங்காரத்தின் கனத்தை வைத்தும் இதைக் கொஞ்சம் ஊகிக்கலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் மடித்துப் போடுவதால் கெப்பாசிட்டருக்கு விநாடிக்கு 100 தடவை சார்ஜ் கிடைக்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120. அதனால் கெப்பாசிட்டர் பழுதில் வரும் ரீங்காரம் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ். கிரவுண்ட் கோளாறிலும், தொங்கும் கேபிள் வழியாகவும் உள்ளே வருவது பெரும்பாலும் 50 அல்லது 60, இன்னும் ஒரு படி தாழ்ந்த கனத்த சத்தம். போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஏதாவது ஒரு ஆப்பைப் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் எது என்று கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு 100-இல் கம்பம்போல் ஒரு கோடு நின்றது.

கழற்றிய பிறகு மீட்டரின் கெப்பாசிட்டர் ரேஞ்சில் அந்த உப்பியதை அளந்தேன். 2200 இருக்க வேண்டிய இடத்தில் 270. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டு எதுவும் ஓடாதபோதே இந்த மூன்று ஐசியும் சேர்ந்து சுமார் 0.1 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சார்ஜுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் 10 மில்லிவிநாடியில் 2200 மைக்ரோபாரட் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் அரை வோல்ட்டுக்கும் குறைவாக இறங்கும். 270 இருந்தால் ஏறக்குறைய 3.7 வோல்ட் இறங்கும். உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே 3.7 வோல்ட் அலை என்றால் மீட்டர் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் காட்ட வேண்டும், அதேதான் காட்டியது. கணக்கும் மீட்டரும் இப்படி ஒத்துப்போகும்போது வரும் திருப்தி இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலை செய்யலாம்.

மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றினேன், ஒன்று போனால் அதே வயசுள்ள இன்னொன்றும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். அதே 2200 மைக்ரோபாரட், ஆனால் 35 வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகை. வோல்டேஜ் கூட இருந்தால் தப்பில்லை, குறைவாக மட்டும் இருக்கக் கூடாது. 35 வோல்ட் என்பதால் உடம்பு கொஞ்சம் பெரிசு, உள்ளே இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டேன். உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ். இரண்டு கெப்பாசிட்டரும் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒரே திசையில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது, கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்ட கெப்பாசிட்டர் வெடிக்கும், உவமைக்குச் சொல்லவில்லை.

பழைய கெப்பாசிட்டரின் அடியில் மஞ்சளும் பழுப்பும் கலந்த பசை ஒன்று கெட்டியாக அப்பியிருந்தது. பாகங்கள் ஆடாமல் இருக்கப் போடுவது. இந்தப் பசையில் சில வகை வருஷக்கணக்கில் சூடேறிப் பழுப்பானால் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும், கால்களையும் அரிக்கும். மரக்குச்சியால் நிதானமாகச் சுரண்டி எடுத்தேன். நிதானம் அதோடு தீர்ந்துவிட்டது. இரண்டாவது கெப்பாசிட்டரின் காலை உருவும்போது ஈயம் முழுசாக உருகுமுன் இழுத்ததில் போர்டின் செம்புப் பட்டை ஒன்று தோலுரிந்தமாதிரி கூடவே வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் என்னை நானே திட்டிக்கொண்டு, அந்தத் தடம் அடுத்து எங்கே போகிறது என்று பார்த்து, மேல்பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு துண்டு வயரால் பாலம் போட்டேன். பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது.

முதல் தடவை பவர் கொடுக்கும்போது சீரிஸ் லாம்ப் வைத்துத்தான் கொடுத்தேன், அதாவது பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்து. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், செட்டுக்குள் எதுவும் கருகாது. என் பல்ப் ஒரு கணம் மின்னி, கெப்பாசிட்டர் நிரம்பியதும் மங்கி, இழை லேசாகச் சிவந்தபடி நின்றது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். ஏசியில் அளந்தால் இரண்டு பக்கமும் 0.1. சப்வூஃபரில் காதை வைத்தால்தான் ஏதோ ஒன்று கேட்கிறது.

திறந்தது திறந்தாயிற்று என்று வால்யூம் நாபையும் பார்த்தேன். திருகும்போது 'கரகர' என்று வந்துகொண்டிருந்தது, அது உள்ளே கார்பன் தடத்தில் தூசி. கான்டாக்ட் கிளீனரை அந்த பொட்டென்ஷியோமீட்டரின் கால்களுக்கு மேலே தெரியும் சின்ன இடைவெளியில் ஒரே ஒரு பீச்சு பீச்சி, நாற்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினேன். போய்விட்டது. கதவுக்கீலுக்குப் போடும் எண்ணெயை இதில் அடிக்காதீர்கள், அன்றைக்கு நன்றாக இருக்கும், அப்புறம் அந்த எண்ணெயிலேயே தூசி வந்து அப்பிக்கொள்ளும்.

எல்லாம் மூடி, பத்து ஸ்க்ரூவும் போட்டு, இரண்டு நாள் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டேன். மூன்றாம் நாள் செட்டின் இரண்டாவது இன்புட்டில் லேப்டாப்பை மாட்டியதும் மறுபடி 'ஊம்ம்'. சத்தியமாக அழுகையே வந்தது. ஆனால் நாபைத் திருகினால் இது கூடிக் குறைந்தது, கூடவே மவுஸை நகர்த்தினால் மெல்லிய 'ஈஈ' என்ற கீச்சு. அப்போது உள்ளே பிரச்சினை இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், சத்தம் போய்விட்டது. சார்ஜரை மாட்டிவிட்டு, டெஸ்க்டாப்பிலிருந்து வரும் முதல் கேபிளைப் பிடுங்கினேன், அப்போதும் போய்விட்டது. இரண்டில் எதைப் பிடுங்கினாலும் சத்தம் நிற்கிறது என்றால் அது கிரவுண்ட் லூப்தான். டெஸ்க்டாப்புக்கு எர்த் உண்டு, லேப்டாப்பின் மூன்று பின் சார்ஜருக்கும் எர்த் உண்டு, இரண்டின் ஆடியோ கிரவுண்டும் என் ஸ்பீக்கருக்குள் வந்து கைகோத்துக்கொள்கின்றன. ஒரு பெரிய வளையம். எர்த் இரண்டும் நூல் பிடித்தாற்போல் ஒரே வோல்டேஜில் இருக்காது, அந்தச் சின்ன வித்தியாசம் ஆடியோ கேபிளின் கிரவுண்ட் வயர் வழியாக ஓடி ஒலியோடு கலக்கிறது.

இதற்குச் சார்ஜரின் எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்லும் ஆட்கள் உண்டு. செய்யவே செய்யாதீர்கள், அந்தப் பின் உயிருக்காக இருக்கிறது, பாட்டுக்காக அல்ல. இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டினேன், கொஞ்சம் குறைந்தது. யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று இருந்தது, அதைப் போட்டுப் பார்த்தேன், குறையவில்லை, யூஎஸ்பி கேபிளிலும் அதே கிரவுண்ட்தானே ஓடுகிறது. கடைசியில் வேலை செய்தது கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற தீப்பெட்டி அளவுச் சாதனம். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர். ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், கிரவுண்ட் வயர் மட்டும் அங்கே நின்றுவிடும். லேப்டாப் கேபிளில் அதைக் கோத்ததும் சத்தம் மொத்தமாக நின்றது. மிகத் தாழ்ந்த பேஸ் கொஞ்சம் மெலிகிறது, குட்டி டிரான்ஸ்பார்மரால் அவ்வளவு தாழ்ந்ததைத் தாங்க முடியாது. அதனால் டெஸ்க்டாப் கேபிளில் போடாமல் லேப்டாப்பில் மட்டும் போட்டேன், அதில் நான் கேட்பது பெரும்பாலும் பேச்சுதான்.

லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். பாட்டு நின்று சில விநாடி கழித்து ஒரு 'டப்', மறுபடி போட்டால் ஒரு 'டப்' என்று வந்துகொண்டிருந்தது. அது ஸ்பீக்கரின் குற்றம் இல்லை, பேட்டரியை மிச்சப்படுத்த சவுண்ட் சிப்பைத் தூங்க வைத்து எழுப்பும்போது வருவது. ஆடியோ டிரைவரின் பவர் சேவ் மதிப்பைப் பூஜ்யமாக்கியதும் நின்றது. லினக்ஸில் சத்தமே வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் ஆல்சாமிக்சர் என்ற வால்யூம் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து ஏதாவது சேனலின் அடியில் எம்எம் என்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன், அது மியூட். பாதிக்குப் பாதி கதை அங்கேயே முடிந்துவிடும்.

சரியாகாதவை இரண்டு. வால்யூமை ரொம்பவும் குறைத்தால் இடது பக்கம் கொஞ்சம் முந்திப் பேசுகிறது. இந்த நாபுக்குள் இரண்டு கார்பன் தடங்கள் ஒரே அச்சில் சுற்றுகின்றன, ஆரம்பக் கோடியில் இரண்டும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை, அதற்கு நாபையே மாற்ற வேண்டும். செட்டின் வால்யூமைப் பாதிக்கு மேல் நிரந்தரமாக வைத்துவிட்டு கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, செட்டை அணைக்கும்போது சப்வூஃபரிலிருந்து வரும் 'தொம்'. அணைக்கும்போது ஸ்பீக்கர் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே வைத்த செட்டில் இது வராது, இதில் ரிலே இல்லை. ஐசோலேட்டரை மேசைக்கு அடியில் டேப் போட்டு ஒட்டியாயிற்று. சுவர்ப்பக்கம் போகும் பின்னுக்கு இப்போது எல் வடிவ இணைப்பு ஒன்று போட்டிருக்கிறேன், மேசையைத் தள்ளினாலும் கழுத்து மடங்காது.